கடலுக்கடியில் வரப்புகள்

ஜூலை 7, திங்கள்

ஸ்கூட்டருக்கு பிரேக் ஒயர் மாற்றினேன். செமாராங்கில் பாதித் தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அதில் தினமும் ஓட்டினால் இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

ஜாவாவின் வடகரை ஊரான தெகல்மோயோவுக்குப் போனேன். பத்திரிகைக்கு நான் எழுதும் கடல் சுவர் தொடரின் அடுத்த பகுதி. ஊரில் மிச்சம் இருக்கும் வீடுகள் எல்லாம் மூங்கில் நடைபாலத்தில் கோத்தவை போல் நிற்கின்றன. மற்றதெல்லாம் கடல். சுவர் எழுப்பும் திட்டத்தின் பொறியாளர், எல்லோரும் மரியாதையாகப் 'பாக்' என்று அழைக்கும் பாக் ஹெர்னோவோ, நடைபாலத்தில் நின்று ஊர்க்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். சுவரின் கோடு, ஊர் தன் இறந்தவர்களை அடக்கிய பழைய மையவாடி வழியாகப் போகிறது. மையவாடி தண்ணீருக்கடியில். கபர்களை எடுத்து வேறிடத்தில் அடக்க ஊர் கேட்டது, அவரும் ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் வருஷாவருஷம் நோன்புக்கு முன் படகில் போய்ப் பூத்தூவும் இடத்தைச் சுற்றி இரும்புத் தகடு இறக்கி, தண்ணீரை இறைத்து, தோண்டியும் பார்த்துவிட்டார். கிடைத்தது இறால் குட்டைச் சேறும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்.

"கடலையே தோண்டச் சொன்னா என்னால முடியாது. இடத்தைக் காட்டுங்க, எடுத்துத் தர்றேன். வருஷக் கடைசி மேற்குக் காத்து தொடங்கறதுக்குள்ள பாறை கொட்டணும். கொட்டிட்டா அப்புறம் நானே நினைச்சாலும் எடுக்க முடியாது." மரியாதையான மனிதர். கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

மட்டி அவித்து விற்கும் காஸ்மிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு வயது மூத்தவள், அதனால் எனக்கு யூ காஸ்மிரா, அதாவது அக்கா; நிருபர் என்பதால் அவளுக்கு நான் இபு, அம்மா.

"இபு வூரி, உங்க பத்திரிகைல பழைய போட்டோ எல்லாம் இருக்கும்ல? எங்க மையவாடி ஒண்ணுகூடவா இருக்காது?"

"மையவாடியை யாரு போட்டோ எடுப்பா, யூ?"

"அதானே. கல்யாணத்தைன்னா எடுப்பானுங்க, அங்க சோறு கிடைக்கும்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே சொன்னாள்: "என் முர்சீதா மேல லாரி லாரியா கல்லக் கொட்டப்போறாங்க."

முர்சீதா அவளுடைய முதல் குழந்தை. தவழ ஆரம்பிக்கும் முன்பே காய்ச்சலில் போனது. மாமனாரின் காலடியில், கிழக்குச் சுவரோரம் அடக்கினார்களாம். எந்தச் சுவர், எங்கே சுவர்? எல்லாம் தண்ணீர்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 9

எங்கள் பத்திரிகையின் பழைய பிரதிகள் தரைத்தளத்தில் இருந்தன. இருந்தன — அவ்வளவுதான். வெள்ளம் பார்த்துக்கொண்டது. பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பார்வை நூல் பிரிவில் மாஸ் பிரகோசா இருக்கிறார், எல்லோருக்கும் 'மாஸ்', அண்ணன். திரைக்குப் பின்னால் ஒளித்து அப்பளம் தின்பவர்.

"இபு, இன்னும் நோட்டுல பேனாவால எழுதுறீங்களா? உங்களை மியூசியத்துல வச்சிடப் போறாங்க."

"முதல்ல உங்களைத்தான் வைப்பாங்க மாஸ். நாற்காலியோட தூக்கிட்டுப் போறது சுலபம்."

வெளிநாட்டு நூலகங்களின் தரவுத்தளங்கள் இவர்கள் இணைப்பில் திறக்கும். முதலில் பழைய நாளிதழ்கள். ஊர் பெயரைத் தட்டினேன். ஒரு நொடி. நூறு வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்று வந்து நின்றது, நான் தட்டிய சொல்லின் மேல் மஞ்சள் பூசி. தெகல்மோயோவில் எருமை திருடு போயிருக்கிறது. சொந்தக்காரர் கர்சோ என்பவர். எருமையின் இடக்கொம்பு உடைந்தது. அதை எழுதிய நிருபர் யார் என்று இல்லை. உடைந்த கொம்பைக் குறித்துக்கொண்டிருக்கிறார், நல்ல நிருபர். அந்தக் கொம்பு நூறு வருஷம் எங்கே இருந்தது? யாரோ ஒருவர் அந்தப் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒளியின் கீழ் வைத்து, மடிப்பை நீவி... எனக்குப் புல்லரித்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் மையவாடி இல்லை. ஹாலந்து நூலகம் ஒன்றின் வரைபடத் தொகுப்பைத் திறந்து அதே பெயரைத் தட்டினேன். முடிவுகள்: பூஜ்யம்.

ஜூலை 10

பூஜ்யம். வேறு சொற்கள் போட்டும் பூஜ்யம். கண் எரிகிறது.

ஜூலை 14

இன்றைய தேதியை மறக்கக்கூடாது.

என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாஸ் பிரகோசா சொன்னார்: "நீங்க ஊரைத் தேடறீங்க, இபு. அவங்க ஊர் ஊரா அடுக்கல, தாள் தாளா அடுக்கியிருக்காங்க. தாளுக்கு ஊர் பேர் கிடையாது, கட்டம்தான்." ஒரு பெரிய படத்தைத் திறந்தார். ஜாவா முழுவதும் சன்னல் கம்பி போட்டதுபோல் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். வடகரையைத் தொட்டுக்கொண்டே கிழக்கே போய், தெமாக் பக்கம் ஒரு கட்டத்தில் விரல் வைத்தேன். அந்த எண்ணைத் தட்டினோம்.

ஒரே ஒரு முடிவு.

மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் மங்கலாக, பிறகு சதுரம் சதுரமாகக் கூர்மையாகி. பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். எங்கேயாவது முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. பச்சையில் தென்னந்தோப்பு. இளநீலத்தில் வயல். வயலுக்குள் மயிரிழை போல வரப்புகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, நேராக இல்லாமல், வரப்பு வளைகிறபடி வளைந்து. ஓடை. ஓடைமேல் பாலம். பாதை. வீடுகள் கறுப்புப் புள்ளிகளாக. நான் மூங்கில் நடைபாலத்தில் நின்று பார்த்த அதே தண்ணீர் — இங்கே நெல் விளையும் நிலம். இவ்வளவு நிலம்! கடற்கரை வெகு தூரத்தில், தாளின் மேல் ஓரத்தில், வேறு யாருக்கோ சொந்தமானது போல.

யாரோ ஒரு நில அளவையாளர் சங்கிலி இழுத்துக்கொண்டு அந்த வரப்புகளில் நடந்திருக்கிறார். சேற்றில் கால் வழுக்கியிருக்கும். எருமைக்காரர் கர்சோ அவரைப் பார்த்திருக்கக்கூடும்.

இன்னொன்று. இத்தனை வருஷம் அரசு அலுவலகங்களில் ஒரு காகிதம் கேட்டுப் பழகியவள் நான். யார் அனுப்பியது, எதற்கு, கடிதம் எங்கே, நாளைக்கு வாங்க. இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதும் ஒரு நாடே தன் அலமாரியைத் திறந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு மாணவி போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், உலகம் அப்படியே இருந்தது.

ஊருக்கு வடமேற்கே, ஓடைக்கு இப்பால், மெல்லிய கோட்டால் சூழ்ந்த நீள்சதுரம். உள்ளே மையவாடிக்கான குறிகள்.

வாய்விட்டுக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாஸ் பிரகோசா அப்பளத்தை ஒளித்தார்.

ஜூலை 16

பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் கண்ணாடிபோல் விரித்தார் மாஸ் பிரகோசா. எளிதாக அமரவில்லை. அந்தக் காலத்து வரைபடங்கள் தீர்க்கரேகையை ஹாலந்து ஆட்சியின் தலைநகரான பத்தாவியாவிலிருந்து எண்ணுகின்றன, நமது காலத்தவை கிரீன்விச்சிலிருந்து. கணக்கைத் திருத்தி, இன்றும் இருக்கும் ரயில் பாலத்தையும் ஒரு கால்வாய் மதகையும் பொருத்தியதும் சட்டென்று உட்கார்ந்தது. கடலுக்கடியில் வரப்புகள் தெரிந்தன. ஊர்க்காரர்கள் மட்டி வளர்க்கும் மூங்கில்கள் வயலின் நடுவே நிற்கின்றன.

மையவாடி, அவர்கள் பூத்தூவும் இடத்திலிருந்து வெகு வடக்கே. கொஞ்சம் தள்ளி என்றால் ஆறுதலாக இருந்திருக்கும். இது ஒரு வயல்வெளி தூரம்.

யார் தவறு? தாளா, ஊரா?

ஜூலை 17

அச்செடுத்துக் கொண்டுபோனேன். நடைபாலத்தில் விரித்ததும் கூட்டம். தன் வீடு இருந்த புள்ளியைத் தேடி ஆளுக்கொரு விரல். கொண்டாட்டமாகத்தான் இருந்தது, மையவாடியைக் காட்டும் வரை.

ஊர் மோதின், பாக் ரோஹ்மாத், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தொழுகை நடத்துவதும் அடக்கம் செய்வதும் அவர் பொறுப்பு. "இபு, எனக்கு முன்னால இருந்த மோதின் சாகும்போது எங்கிட்ட ஒப்படைச்ச சொல்லு இது. பள்ளிவாசல் படியிலேர்ந்து தொழுவுற திசை, கிப்லாவப் பாத்துப் படகை விடு. பள்ளி முரசு காதுல விழுந்தும் விழாம இருக்கிற இடம்தான் மையவாடி. ஒவ்வொரு வருஷமும் பள்ளியில ஒருத்தனை முரசு அடிக்கவிட்டுட்டுத்தான் போறோம். ஹாலந்துக்காரனுக்கு எங்க முரசு கேட்டுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். யூ காஸ்மிரா சிரிக்கவில்லை. மீன் வெட்டுவதை நிறுத்தவும் இல்லை.

"நான் பெத்து நான் புதைச்சது. எங்க படுத்திருக்கான்னு ஒரு தாளு வந்து எனக்குச் சொல்லணுமா?"

"நீ சொன்ன இடத்துல தோண்டினாங்களே யூ, ஒண்ணும் இல்லையே."

"அவனுங்க தோண்டினது சரியில்ல."

அவித்த மட்டி தரவில்லை இன்றைக்கு. எப்போதும் தருவாள்.

ஜூலை 18

ஒருவேளை நான்தான் தப்பா? ரயில் பாலத்தை இடையில் மாற்றிக் கட்டியிருந்தால்? எல்லாமே ஒரு வயல் தூரம் நகர்ந்திருந்தால்? தப்பான இடத்தைக் காட்டி பாக் ஹெர்னோவோவை இன்னொரு முறை வீணாகத் தோண்ட வைத்தால் அதோடு கதை முடிஞ்சது, மூணாவது தடவை யாரும் வரமாட்டாங்க. அவ குழந்தை அங்கேயே கிடக்கும். என்னால.

இரண்டாவது சாட்சி வேண்டும். எந்தச் செய்திக்கும் அப்படித்தான்.

ஜூலை 22

போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வேறொரு நாட்டின் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலும் ஊர் பெயர் கிடையாது. விமானம் பறந்த பாதையின் கோடும் படத்தின் எண்ணும்தான். இப்போது அந்த வித்தை தெரியும். வடகரையை ஒட்டிய கோட்டைப் பிடித்துப் படம் படமாகப் போனேன். பாதி மேகம். மேகத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகு மேகமில்லாத ஒன்று.

வரைபடத்தில் எல்லாமே குறி. இதில் எல்லாமே நிஜம். தென்னைகளின் நிழல் மேற்கே சாய்ந்திருக்கிறது, ஆகவே காலை. வயலில் தண்ணீர் பளபளக்கிறது. ஆகவே நடவு நேரம். பாதையில் ஒரு புள்ளி, அதற்குத் தனி நிழல். மனிதரா, மாடா? தலைக்குமேல் போர் விமானம் போனது அந்தப் புள்ளிக்குத் தெரியுமா? குண்டு போட வழி பார்க்க எடுத்த படம். எடுத்தவர்களுக்கு இந்த ஊர் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அந்த ஒரு காலைப்பொழுது முழுதாக இங்கே இருக்கிறது. நிழல்கூட உதிரவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பலமாக மூச்சுவிட்டால் அந்தப் புள்ளி நகர்ந்துவிடும் போல.

நீள்சதுரச் சுவர் அதே இடத்தில். உள்ளே உருண்டை உருண்டையாக மரங்கள், மையவாடிகளில் நடும் சம்பங்கி மரங்களாகத்தான் இருக்கும். தாள் பொய் சொல்லவில்லை.

சுவருக்குத் தென்கிழக்கே பள்ளிவாசலின் அடுக்குக் கூரை தெரிந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, அடுத்த நிமிஷம் குழம்பினேன். இந்த இடத்தில் பள்ளிவாசல் இருக்க முடியாது. நான் போன வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய பள்ளி இங்கே இல்லை. தெற்கே, அதே வயல்வெளி தூரத்துக்குத் தெற்கே.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். படத்தில், பள்ளியிலிருந்து கிப்லா திசையில் மையவாடி எவ்வளவு தூரமோ, இன்றைய பள்ளியிலிருந்து பூத்தூவும் இடம் அவ்வளவே தூரம். அதே திசை.

மோதின் சொன்ன சொல் சரி. படகு சரியாகத்தான் போயிருக்கிறது. முரசு சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

பள்ளிதான் நடந்திருக்கிறது.

ஜூலை 24

மாஸ் பிரகோசாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் முறையாக நூலகத்தை விட்டு வெளியே வந்தார். நடைபாலம் ஆடியபோது என் பையைப் பிடித்துக்கொண்டார்.

பாக் ரோஹ்மாதிடம் நேராகக் கேட்டேன்: "பள்ளிவாசல் எப்பவும் இங்கேயேதான் இருந்துச்சா?"

"எப்பவும் இதேதான். இந்தத் தூணு என் பாட்டன் காலத்துத் தேக்கு. தொட்டுப் பாருங்க."

"தூணு இல்ல பாக், இடம்."

"இடமா? பள்ளின்னா பள்ளிதான். அதுல என்ன இடம்?"

மட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த காஸ்மிரா அப்படியே நின்றாள். "நாம தூக்கினோமே," என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"தண்ணி ஏறினப்ப தூக்கினோமே! ஊரே தோள் கொடுத்துச்சே. நான்தானே சோறு பொங்கினேன், மாங்குட் மீன்குழம்பு வச்சேன், உப்பு ஜாஸ்தின்னு நீங்கதானே பாக் கத்தினீங்க!"

"ரெண்டு தடவை தூக்கினோம்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "ரெண்டாவது தடவை என் இடுப்பு போச்சு."

இந்தக் கரையில் வீட்டை இடிப்பதில்லை. மூங்கிலில் கட்டி, ஊரே தோளில் ஏற்றி, அப்படியே பின்னுக்குக் கொண்டுபோய் இறக்கும். அடுத்த வீடு அடுத்த வீடாகவே இருக்கும், கிணற்றடிச் சண்டைகூட மாறாது. ஆகவே யாருக்கும் ஊர் நகர்ந்த நினைவு இல்லை. கடல் வந்தது என்றுதான் நினைவு. மையவாடி முதலில் மூழ்கியது, அதன்பின்தான் பள்ளி தோளில் ஏறியது. அதற்குள் பழைய மோதின் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன சொல் அப்படியே இருந்தது.

பாக் ரோஹ்மாத் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா எதுக்கு பாத்திஹா ஓதினேன் நான்?"

"தாஸ்வானோட இறால் குட்டைக்கு," என்றாள் காஸ்மிரா. "அதான் அவன் இறாலு அப்படிக் கொழுத்துச்சு!"

சிரிப்பு நடைபாலத்தை ஆட்டியது. கூட்டத்தில் நின்ற தாஸ்வானே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். காஸ்மிராவின் சிரிப்பு மட்டும் நடுவில் எங்கேயோ திரும்பிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பூ ஒண்ணுகூட அவளுக்குப் போகலியே," என்றாள்.

பாக் ரோஹ்மாத்தான் பதில் சொன்னார், மெதுவாக. "ஓதினது போயிருக்கும் காஸ்மிரா. அதுக்குப் படகு வேண்டாம்."

ஜூலை 29

கடல் வற்றிய காலை. இரண்டு படகுகள். பாக் ஹெர்னோவோவின் ஆள் இடம் காட்டும் கருவியை நீட்டிக்கொண்டு முன்னால். எண்கள் ஒத்துவந்த இடத்தில் நிறுத்தினான். சுற்றிலும் வெறும் தண்ணீர், ஒரு நாரை. இதுதானா?

மூங்கிலால் குத்திப் பார்த்தார்கள். சேறு. சேறு. மறுபடி சேறு. காஸ்மிரா யாரையும் கேட்கவில்லை, இறங்கிவிட்டாள். தண்ணீர் நெஞ்சுவரை. கால்களால் துழாவிக்கொண்டு நடந்தாள், மட்டி தேடுகிறவர்கள் நடப்பதுபோல.

"கல்லு," என்றாள். இன்னும் இரண்டு எட்டு. "செங்கல்லு. வரிசையா இருக்கு."

மளமளவென்று நாலைந்து பேர் குதித்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் நாரை பறந்துவிட்டது. "மேல நிக்காதீங்கடா! கீழ ஆளுங்க படுத்திருக்காங்க!"

அத்தனை பேரும் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்கள். பாக் ரோஹ்மாதும்தான், கட்டியிருந்த சாரம் தண்ணீரில் குடைபோல் விரிந்திருக்க. யாரும் சிரிக்கவில்லை. நானும் படகுக்குள் உட்கார்ந்தபடியே காலை மடக்கிக்கொண்டேன்.

ஹாலந்தில் ஒரு நூலகர் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருப்பார்? தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 2

ஆசிரியர் ஞாயிறு இதழுக்குக் கேட்கிறார். அவர்கள் எடுத்து முடிக்கட்டும் என்றேன்.

செப்டம்பர் 11

பாக் ஹெர்னோவோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தகடு இறக்கி, தண்ணீரை இறைத்ததும் சுவர் வெளியே வந்தது, சம்பங்கி மரங்களின் அடிக்கட்டைகள் வந்தன. பிறகு கபர்களின் தலைமாட்டில் நடும் மீசான் கற்கள், சில சாய்ந்து, சில நேராக. ஊரே கரைத்தகட்டின் மேல் நின்று பார்த்தது. விமானத்திலிருந்து பார்த்ததை இப்போது நின்றுகொண்டு பார்க்கிறேன். உருண்டை உருண்டையாகத் தெரிந்தவை இந்தக் கட்டைகள்தான்.

காஸ்மிராவின் மாமனார் கல்லில் பெயர் இருந்தது. அவர் காலடியில் பாக் ரோஹ்மாத் கையாலேயே தோண்டினார். குழந்தை எலும்பு இத்தனை வருஷம் உப்பில் நிற்காது, முன்பே சொல்லியிருந்தார். நிற்கவில்லை. அந்த இடத்து மண்ணை, கறுப்பாகக் குழைவாக இருந்ததை, வெள்ளைத் துணியில் அள்ளிக் கட்டினார். கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். அவளும் அப்படித்தான் வாங்கினாள், தலைப் பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து.

குறிப்பெடுக்கவில்லை. பேனா கையில்தான் இருந்தது.

அக்டோபர் 20

பாறை கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நூலகம்வரை சத்தம் கேட்பதாக மாஸ் பிரகோசா சொல்கிறார். பொய்.

பிப்ரவரி 13, வெள்ளி

நோன்பு அடுத்த வாரம். புதிய மையவாடி நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், மேட்டு நிலத்தில். ஊர் முழுவதும் ஒரு வாடகைப் பேருந்தில் வந்து இறங்கியது, ஒருவர் கையிலும் துடுப்பு இல்லை. தாஸ்வான் இறால் பொரித்து எடுத்துவந்திருந்தான். பாக் ரோஹ்மாத் தின்னமாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டு தின்றார்.

காஸ்மிராவைக் காணோம். தேடிப்போனால் கடைசி வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முர்சீதாவின் சின்ன மேடு. அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் புல். இரண்டு கையாலும் பிடுங்கி வீசிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க இபு, மழைல எப்படி மண்டிக் கிடக்கு! வேரு மண்ணை விடவே மாட்டேங்குது. சனியன் பிடிச்ச புல்லு."

திட்டிக்கொண்டே இருந்தாள். முகம் முழுக்க வேர்வை, மண். பாக் ரோஹ்மாதிடம் ஓர் அரிவாள் வாங்கி வந்து கொடுத்தேன்.

ஓதி முடிந்தது. பேருந்து ஹாரன் அடித்தது. எழுந்திரு என்றேன்.

"அவங்க போகட்டும். நான் நடந்து வர்றேன். இந்தப் பக்கம் இன்னும் பாதி இருக்கு."